காய்ச்சல் நின்ற பிறகும் 14 நாள் ஊசி எதற்கு?

கேள்வி (கோத்தகிரி):
அப்பாவுக்கு மூளை உறை காய்ச்சல். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர் கழுத்தைக் குனிய முடியாமல் பிதற்ற ஆரம்பித்தார். ராத்திரியோடு ராத்திரியாகக் கோவைக்குக் கொண்டுபோனோம். முதுகில் நீர் எடுத்துப் பார்த்து நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்றார்கள். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி 2 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. இன்று 6ஆம் நாள். காய்ச்சல் இல்லை, கஞ்சி குடிக்கிறார், வீட்டுக்குப் போகலாம் என்று அடம்பிடிக்கிறார். மீதியை மாத்திரையாக வாங்கிப் போகலாமா?

பதில் (குன்னூர், செவிலியர்):
வேண்டாங்க, தயவுசெய்து. மாத்திரை மூளையைச் சுற்றியுள்ள நீரில் போதிய அளவு சேராது. மூளை உறையின் வீக்கம் குறையக் குறைய ஊசி மருந்துகூட உள்ளே போவது குறையும்; அதனால்தான் கடைசி நாள் வரை அதே டோஸ். நிமோகாக்கஸுக்கு 10 முதல் 14 நாள். முதல் ஊசியோடு, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் போட்டார்களா?

கேட்டவர்:
போட்டார்கள் அக்கா, 4 நாள். சரி, அப்பாவிடம் பேசி இருக்க வைக்கிறேன்.

பதில் (ஊட்டி):
இந்தக் காய்ச்சல் காது கேட்பதைப் பாதிக்கலாம்; கிளம்பும் முன் காது பரிசோதனை கேட்டு வாங்குங்கள். இதே காய்ச்சல் வந்த என் மகனுக்கு யாரும் செய்யவில்லை. இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டான்; எங்களுக்குப் புரிய ரெண்டு மாதம் ஆனது.