கம் பைக்ரோமேட் அச்சுக்கு எந்த வாட்டர்கலர் தாள், அதை எப்படிப் பக்குவப்படுத்துவது?

கேள்வி (பாளையங்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். கம் பைக்ரோமேட் என்பது பிசின், நிறமி, ஒளிபட்டால் பிசினை இறுகவைக்கும் டைக்ரோமேட் உப்பு மூன்றையும் கலந்து தாளில் பூசி, நெகட்டிவ் வழியே ஒளி காட்டி, இறுகாததை நீரில் கரையவிடும் பழைய புகைப்பட அச்சு முறை. அதில் நிறத்துக்கு ஒரு பூச்சாக மூவண்ண அச்சு எடுக்கப் பழகி வருகிறேன். முதல் பூச்சு ஓரளவு நன்றாகவே வருகிறது. இரண்டாம் பூச்சுக்கு நெகட்டிவை வைக்கும்போது ஒரு மூலையில் குறியைப் பொருத்தினால், எதிர்மூலையில் ஓரிரு மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. அத்துடன், வெள்ளையாக இருக்க வேண்டிய வானத்தில் நீல நிறமி மங்கலாகப் படிந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டாலும் போவதில்லை. உள்ளூர்க் கடையில் கிடைத்த 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஓவியத் தாளையும் கருவேலம்பிசினையும் பயன்படுத்துகிறேன். விலை கூடிய தாளுக்கு மாறினாலே இரண்டு தொல்லையும் தீருமா, அல்லது தாளைப் பக்குவப்படுத்துவதில்தான் ஏதேனும் விடுபடுகிறதா?

மறுமொழி (தென்காசி)

இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு என்பதால் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

குறி விலகுவது தாள் சுருங்குவதால். பருத்தி இழைத் தாள் முதன்முறை நன்றாக நனைந்து காயும்போது சுருங்கும், அதுவும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே அளவாகச் சுருங்காது. தைப்பதற்கு முன் காடாத் துணியை நனைத்துக் காயப்போடுவது போல, தாளையும் முன்கூட்டியே சுருக்கிவிட வேண்டும். சுமார் 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் முழுவதும் மூழ்கியிருக்கும்படி வைத்து, கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்தால் போதும். மூவண்ண வேலைக்கு இதை இரண்டு தடவை செய்பவர்களும் உண்டு.

நிறமி படிவது, இழைகளுக்குள் நிறமி இறங்கிவிடாமல் தடுக்கும் பூச்சு, அதாவது சைஸிங், போதாததால். ஆர்ஷ் தாளுக்கு ஆலையிலேயே ஜெலட்டின் பூச்சு உண்டு. ஃபேப்ரியானோ ஆர்ட்டிஸ்டிகோவில் விலங்குப் பொருள் சேராத பூச்சு. எந்தத் தாளானாலும் வெந்நீரில் ஊறும்போது அந்தப் பூச்சின் ஒரு பகுதி கரைந்து போகும். ஆகவே முதலில் சுருக்கம், பிறகே ஜெலட்டின்; இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலை வீண்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் ஜெலட்டின் எடுத்து, குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, 55 டிகிரி அளவில் சூடாக்கிக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் ஜெலட்டினின் பிடிப்பு கெட்டுவிடும். தாளை அதில் முக்கி எடுத்து, கண்ணாடிக் கோலின் மீது இழுத்து, வழிவதை வடித்துவிட்டுத் தொங்கவிடுங்கள். ஜெலட்டினைக் கெட்டிப்படுத்துவதற்கு, 40 விழுக்காட்டுக் கிளையாக்சால் வேதிக்கரைசலை லிட்டருக்கு ஏறத்தாழ 15 மில்லி வீதம் பயன்படுத்தும் நேரத்தில் கலக்கலாம். காய்ந்தபின் தாளைக் குளிர்ந்த நீரில் அலசாமல் விட்டால் நாளடைவில் மஞ்சளேறும். ஃபார்மலினும் இதே வேலையைச் செய்யும். அதன் ஆவி கொடியது என்பதால் வீட்டுக்குள் வேண்டாம்.

தாளைப் பொறுத்தவரை 300 ஜி.எஸ்.எம்., முழுப் பருத்தி, ஹாட் பிரஸ் (சூடாக அழுத்தி வழவழப்பாக்கியது) என்று வாங்குங்கள். பிளாட்டினம் உப்பால் புகைப்பட அச்சு எடுப்பவர்கள், ஆலையில் தாளில் சேர்க்கும் சுண்ணத்துக்கு அஞ்சுவார்கள்; நமக்கு அது அவ்வளவு பெரிய தொல்லையில்லை.

மறுமொழி (வீரவநல்லூர்)

தென்காசி அண்ணாச்சி சொன்ன வரிசை சரி. ஆனால், கறை என்றாலே ஜெலட்டின் போதவில்லை என்று முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. டைக்ரோமேட் கலந்த பூச்சு காய்ந்தபின், ஒளியே படாவிட்டாலும் மெல்ல இறுகத் தொடங்கும். வெப்பமும் ஈரப்பதமும் கூடக்கூட அது விரைவாகும். காலையில் பூசி மாலையில் வெயில் காட்டினால், எத்தனை நல்ல தாளிலும் வானம் வெளுக்காது.

எனவே முதலில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். அதே தாளின் ஒரு துண்டில் வழக்கமான கலவையைப் பூசி, காய்ந்த உடனே, ஒளி காட்டாமல், முகம் கீழாக நீரில் மிதக்கவிடுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றி ஒரு மணி நேரத்தில் தாள் வெளுத்துவிட்டால், தாளில் குறையில்லை. காக்கவைத்த நேரத்தையும் ஒளி காட்டும் நேரத்தையும் பாருங்கள். வெளுக்காவிட்டால் ஜெலட்டின் பக்கம் போகலாம், அல்லது பிசினுக்கு ஏற்ற அளவைவிட நிறமி மிகுந்திருக்கலாம்.

கருவேலம்பிசினும் அரபிப்பிசினைப் போல அகேசியா வகை மரத்திலிருந்து வருவதுதான். ஆனால் அதன் செந்நிறமும் பட்டைத் தூளும் வெளிர்நிறங்களைக் கெடுக்கும். நீலத்துக்கும் கறுப்புக்கும் வடிகட்டிப் பயன்படுத்தலாம். மஞ்சள் பூச்சுக்கு மட்டுமாவது வெளிறிய அரபிப்பிசினை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சோதனைத் துண்டு முழுவதும் வெளுக்கவில்லை, நெளிநெளியாக நீலம் நிற்கிறது. ஆகவே ஜெலட்டின் பூசத்தான் போகிறேன். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது உறையுமா?

மறுமொழி (தென்காசி)

உறையாது. அந்த வெக்கையில் ஜெலட்டின் தாளில் நிற்காமல் வழிந்து கீழ் ஓரத்தில் திரண்டுவிடும். பிறகு அந்த ஓரத்தில் மட்டும் பூச்சு வழுக்கிக்கொண்டு போகும். மார்கழி, தை மாதங்களின் காலைப்பொழுதில் ஆண்டுக்குத் தேவையான தாள்களை மொத்தமாகப் பக்குவம் செய்து அடுக்கிவைப்பதே வசதி. அவசரமென்றால் விடியுமுன் செய்யுங்கள், முதல் பூச்சு காய்ந்ததும் இரண்டாம் முறை மெல்லப் பூசி, தாளைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மீதமான கரைசலை மறுநாளுக்கு வைக்காதீர்கள், நாறிவிடும்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் நச்சு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, அலசிய நீரை வாய்க்காலில் விடவும் கூடாது. அந்த நீரைத் தனி வாளியில் சேர்த்து, நச்சுத்தன்மையைக் குறைக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் உப்பை இட்டு, ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறிய பிறகு, ஆய்வகக் கழிவைக் கையாளும் கல்லூரி ஏதேனும் வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள்.