கவினின் இங்கிலீஷ் வீட்டுப்பாடம்: ‘தாமிரபரணி குடும்பம்’ குழுவில்

ஞாயிறு

தேவி, மாலை 6:40
[படம்: பள்ளி டைரி]
பெரியம்மா, கவினுக்கு இங்கிலீஷ் மிஸ் இரண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். ‘நான் பார்த்த ஒரு திருவிழா’ என்று ஒரு பாராகிராஃப். அப்புறம் முப்பது வெர்ப், மூன்று ஃபார்மும் படிக்க வேண்டும், புதன்கிழமை ஸ்லிப் டெஸ்ட். பாராகிராஃபை மட்டும் யாராவது எழுதி அனுப்பினால் பார்த்து எழுதிவிடுவான். நாளைக்கு நோட்டு வைக்க வேண்டும்.

கோவை மாமா, 6:44
இரும்மா, பேத்தியின் பழைய கைடு இங்கேதான் கிடக்கிறது.

கோவை மாமா, 6:47
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா, 6:48
நீக்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன் தம்பி. ‘பொங்கல் இஸ் எ ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்’. நான் திருத்திய நோட்டுகளில் பாதி அந்த வரியில்தான் தொடங்கும்.

நவீன், 6:50
அக்கா, கைடு எதற்கு? சாட்ஜிபிடியிடம் கேட்டேன், உடனே வந்துவிட்டது. அனுப்பவா?

பெரியம்மா, 6:51
அதில் ‘வைப்ரன்ட்’ என்று இருக்கிறதா பார்.

நவீன், 6:51
மூன்று இடத்தில் இருக்கிறது பெரியம்மா 

பெரியம்மா, 6:52
ஏழாம் வகுப்புப் பையன் எழுதியது என்று எந்த மிஸ் நம்புவார்?

கோவை மாமா, 6:53
நாங்களெல்லாம் கைடைப் பார்த்துத்தானே அக்கா பாஸ் செய்தோம். வேலை கிடைக்காமலா போய்விட்டது?

பெரியம்மா, 6:54
கிடைத்தது. போன மாதம் பேங்க்குக்கு லெட்டர் எழுத யாருக்கு போன் செய்தாய்?

சுதா, 6:54
அப்பா அவுட்!

தேவி, 6:57
கிண்டல் இருக்கட்டும். வாரநாளில் கடையை மூடிவிட்டு வரவே எனக்கு எட்டு மணி ஆகிறது. எனக்கு இங்கிலீஷும் அவ்வளவாக வராது. அவன் தப்பாக எழுதினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

பெரியம்மா, 7:02
உனக்கு இங்கிலீஷ் வர வேண்டாம் தேவி. அவனுக்குத்தான் வர வேண்டும். இப்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல். மதுரையில் இருந்துகொண்டு பொங்கலை எதற்குக் கைடிலிருந்து எடுக்க வேண்டும்? அவன் சொல்லச் சொல்ல, நடந்த வரிசையில் ஒவ்வொரு வார்த்தையாக ரஃப் நோட்டில் குறித்துக்கொள். கூட்டம், செருப்பு, தண்ணீர் என்று இருந்தால் போதும். பிறகு ஒரு வார்த்தைக்கு ஒரு சின்ன வாக்கியம், அவனே இங்கிலீஷில் எழுதட்டும். எட்டு வாக்கியம் வந்தால் அதுதான் பாராகிராஃப்.

சுதா, 7:04
அத்தை, ஸ்பெல்லிங் தெரியவில்லை என்று உட்கார்ந்துவிட்டால்? என் பொண்ணு அப்படித்தான். ஒரு வார்த்தைக்காக அரை மணி நேரம் பென்சிலைக் கடிப்பாள்.

பெரியம்மா, 7:06
காதில் விழுகிறபடி எழுதிவிட்டு அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகச் சொல். எல்லாம் முடிந்த பிறகு கோடு போட்டதை மட்டும் டிக்‌ஷனரியில் பார்க்கட்டும். நடுவில் நிறுத்தினால் சொல்ல வந்தது ஓடிவிடும்.

தேவி, 8:35
[படம்: ரஃப் நோட்டுப் பக்கம்]
எழுதிவிட்டான். அவன் அப்பா தோளில் தூக்கிக் காட்டியது, துருத்தி வைத்துத் தண்ணீர் பீய்ச்சுகிறவர் இவன் சட்டையை நனைத்தது, கோரிப்பாளையத்தில் ஒரு செருப்பு தொலைந்தது, எல்லாம் இருக்கிறதாம். நான் திட்டினேன் என்றும் எழுதியிருக்கிறான். அதை எடுக்கச் சொல்லவா?

பெரியம்மா, 8:41
எடுக்காதே, அதுதான் நல்ல வரி. கவின் கண்ணா, எல்லாம் போன சித்திரையில் நடந்தது. அதனால் வெர்பை மட்டும் ஒரு தடவை பார்த்து வா, மற்றதை ஆச்சி இன்றைக்குத் தொட மாட்டேன். ‘ஐ டிட் நாட் சா அழகர்’ என்று எழுதியிருக்கிறாய். டிட் வந்துவிட்டால் நடந்து முடிந்தது என்பதை அதுவே சொல்லிவிடும். பக்கத்தில் இருக்கிற வெர்ப் பழைய உருவத்துக்குத் திரும்பிவிட வேண்டும். டிட் நாட் சீ. இதே மாதிரி இன்னும் ஒன்று இருக்கிறது, நீயே கண்டுபிடி.

தேவி, 8:46
கவின்தான் ஆச்சி. டிட் நாட் கேம். டிட் நாட் கம் என்று மாற்றிவிட்டேன்.

நவீன், 8:47
பெரியம்மா, ‘தி’ இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறதே?

பெரியம்மா, 8:49
தெரியும். தமிழில் அதற்கு ஈடாக ஒன்று கிடையாது, அதனால் நம் பிள்ளைகளுக்கு அது கடைசியாகத்தான் பிடிபடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சிவப்பு மையில் சுழித்தால் அடுத்த தடவை மறுபடி கைடுக்கே போவான்.

திங்கள்

தேவி, இரவு 8:20
இப்போது வெர்ப். உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறான் பெரியம்மா. ஏ-யில் தொடங்கி பத்தாவது வந்ததும் முதலாவது மறந்துபோகிறது.

பெரியம்மா, 8:31
ஏ, பி, சி வரிசையில் படித்தால் அப்படித்தான். டிக்‌ஷனரிக்கு அந்த வரிசை சரி, மண்டைக்குச் சரிவராது. ஓசை பார்த்துக் கூட்டம் பிரிக்கச் சொல்.
சிங் சேங் சங், ரிங் ரேங் ரங், டிரிங்க் டிரேங்க் டிரங்க், ஸ்விம் ஸ்வேம் ஸ்வம். இது ஒரு கூட்டம்.
கட், புட், ஹிட், ஷட் மாறவே மாறாது. மூன்று கட்டத்திலும் அதையே எழுதலாம், சும்மா கிடைக்கிற மார்க்.
சென்ட், ஸ்பென்ட், லென்ட், பில்ட் எல்லாவற்றிலும் கடைசி ‘டி’ (d) எழுத்து ‘டீ’ (t) எழுத்தாகும், அவ்வளவுதான்.
பிராட், தாட், பாட், ஃபாட் நான்கிலும் நடுவில் ஓயுஜிஹெச் (ough). கேட்ச், டீச் இரண்டுக்கு மட்டும் ஓ போய் ஏ வரும். பிள்ளைகள் வழுக்குகிற இடம் இதுதான்.
எதிலும் சேராமல் மிஞ்சுவது கோ, வென்ட், கான் மாதிரி ஐந்தாறு இருக்கும். மனப்பாடம் அதற்கு மட்டும்.

பெரியம்மா, 8:33
தேவி, நீ செய்ய வேண்டியது இது. நீ தோசை ஊற்றும்போது அவன் அடுப்படியில் நிற்கட்டும், நோட்டு உன் கையில். ‘நேற்றுப் பாடினான்’ என்று தமிழில் சொல். அவன் சேங் என்று சொல்லி ஸ்பெல்லிங்கும் சொல்ல வேண்டும். நோட்டில் இருக்கிற எழுத்தைப் பார்த்துச் சரியா என்று சொல்ல உனக்குத் தெரியும்.

நவீன், 8:36
படித்தது மறந்துபோவதைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது அக்கா. எபிங்ஹவுஸ் என்று ஒரு ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகமாகப் போட்டார். ஒரே நாளில் போட்டு உருட்டுவதைவிட நாள் விட்டு நாள் படித்தால் குறைந்த தடவையிலேயே நிற்கும் என்பது அவர் கண்டது.

கோவை மாமா, 8:37
ஜெர்மன்காரருக்கு ஸ்லிப் டெஸ்ட் இல்லை.

தேவி, 9:10
[குரல் செய்தி, 0:48]

பெரியம்மா, 9:14
கேட்டேன். பதில் எல்லாம் சரி. ஆனால் வாக்கெட், ஜம்ப்பெட் என்று சொல்கிறான். வாக்ட், ஜம்ப்ட் என்று ஒரே மூச்சில் முடிய வேண்டும். வெர்ப் ‘டி’யிலோ ‘டீ’யிலோ முடிந்தால்தான் கடைசியில் ஓர் அசை கூடும், வாண்டட், நீடட் மாதிரி. எழுத்தில் எல்லாவற்றுக்கும் ஈடி (ed) தான், அதனால் டெஸ்ட்டில் மார்க் போகாது. மிஸ் எழுந்து வாசிக்கச் சொன்னால்தான் தெரியும்.

சுதா, 9:16
அத்தை, அந்தக் கூட்டம் பிரித்ததை ஒரு பேப்பரில் எழுதிப் படம் எடுத்துப் போடுங்களேன். பிரிண்ட் எடுத்துப் பாப்பா ரூமில் ஒட்டிவிடுகிறேன்.

பெரியம்மா, 9:17
படமெல்லாம் கிடையாது. உன் பொண்ணு புத்தகத்தில் இருக்கிற பட்டியலை எடுத்து அவளே பிரிக்கட்டும். பிரிக்கும்போதே பாதி ஏறிவிடும்.

புதன்

தேவி, மாலை 5:05
மிஸ் இன்றைக்கு லீவாம். டெஸ்ட் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. படித்ததெல்லாம் வீண் என்று பையை எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

பெரியம்மா, 5:20
இன்றைக்கு ஒரு நாள் நோட்டைத் தொட வேண்டாம் என்று சொல். வியாழன் இரவு கேள். எது விட்டுப்போகிறதோ அதை மட்டும் படித்தால் போதும்.

கோவை மாமா, 5:22
தேவி, அந்தச் செருப்பு கிடைத்ததா இல்லையா?