‘இண்டி ராக்’: தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

செ. எழுதியது:
அன்புள்ள குழுவினருக்கு,
அரபு நாடுகளின் இண்டி ராக், அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் குழுக்கள் தாமே உருவாக்கும் ராக் இசை, பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைச் சிற்றிதழுக்காக மொழிபெயர்க்கிறேன். ‘இண்டி’ என்று எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். ‘தனியிசை’ என்றால் நம் வாசகர் சினிமாவில் சேராத பாட்டு என்று நினைப்பார். இங்கே சிக்கல் வேறு. எகிப்தின் கெய்ரோகீ குழு 2017இல் கொண்டுவந்த தொகுப்பில் சில பாடல்களுக்குத் தணிக்கைத் துறை அனுமதி மறுத்தது. அவர்கள் இணையத்தில் வெளியிட்டுவிட்டார்கள். சினிமாவை விட்டு விலகி நிற்பதும் தணிக்கையை விட்டு விலகி நிற்பதும் ஒன்றா? சொல் தாருங்கள்.

வ. எழுதியது:
‘சுயாதீனம்’ என்று யாரேனும் தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பிறரைச் சாராமல் தன் வசத்தில் இருப்பதற்கு நம்மிடம் ‘தன்வயம்’ இருக்கிறது. ‘கோளில் பொறியின்’ குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர் இறைவனின் எண்குணங்களில் முதலாவதாகத் ‘தன்வயத்தனாதல்’ என்கிறார். தன்வய இசை. முடிந்தது.

ம. எழுதியது:
முடியவில்லை ஐயா. சேர்த்து எழுதிப் பாருங்கள்: தன்வயவிசை. இயற்பியல் பாடநூலில் உராய்வுவிசைக்கு அடுத்த பாடம் போல் இருக்கிறது.

மேலும், இறைவனுக்குச் சொன்ன குணத்தை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது? பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய மஷ்ரூ லைலா குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் ஜோர்டான் தலைநகர் அம்மானின் உரோமானிய அரங்கில் பாட இருந்தார்கள், அனுமதி பறிபோனது. 2017 செப்டம்பர் 22 அன்று கெய்ரோவில் பாடினார்கள். கூட்டத்தில் சிலர் தன்பாலீர்ப்பினரின் அடையாளமான வானவில் கொடி உயர்த்தியதற்காகப் பலர் கைதானார்கள். 2019இல் திருச்சபையினரின் எதிர்ப்பால் சொந்த நாடான லெபனானின் பிப்லோஸ் விழாவிலும் மேடை இல்லை. 2022இல் குழுவே கலைந்துவிட்டது. இதில் தன்வயம் எங்கே இருக்கிறது? எல்லாம் பிறர்வயம்!

ந. எழுதியது (குவைத்திலிருந்து):
அரபியிலேயே ‘மூசிகா முஸ்தகில்லா’ என்கிறார்கள். ‘பதீலா’, அதாவது மாற்று இசை, என்பதும் உண்டு. முஸ்தகில் என்பதும் நாட்டு விடுதலையைக் குறிக்கும் இஸ்திக்லால் என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. ஆகவே ‘விடுதலை இசை’ என்றால் என்ன?

அதே வேரில்தான் ‘கலீல்’ என்ற சொல்லும் வருகிறது; ‘கொஞ்சம்’ என்று பொருள். இதற்கும் நம் ‘சில’ என்பதற்கும் உறவு இருக்குமோ என்று பல ஆண்டுகளாக எனக்கு ஓர் ஐயம். ககரம் சகரமாகும், கேரளம் சேரளம் போல…

த. எழுதியது (கொழும்பிலிருந்து):
ககரத்தை இன்னொரு நாள் பார்ப்போம். ‘விடுதலை இசை’ என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு பாட்டுகள் நினைவுக்கு வரும். அங்கே போக வேண்டாம். இன்னொன்று, ‘ராக்’ அல்ல, ‘றொக்’. ஒலிப்பைப் பாருங்கள்.

வ. எழுதியது:
றகரம் மொழிமுதலில் வரவே வராது. ரகரமும் வராது என்றாலும், பிறமொழிச் சொல்லில் வந்தால் முன்னே அ, இ, உ சேர்க்க நன்னூல் வழிகாட்டுகிறது. ஆகவே ‘இராக்’ என்பதே முறை. லகரத்துக்கும் விதி உண்டு: இலைலா.

ம. எழுதியது:
‘அரபு இளைஞர்களின் இராக் இசை’ என்று அச்சிட்டால் வாசகர் பாக்தாத் போய்ச் சேர்வார். இலைலா பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

செ. எழுதியது:
நண்பர்களே, இன்று வியாழன். ‘மாற்றிசை’ பிடித்திருந்தது, ஆனால் பாட்டை வேறு யாரோ திருத்தி மாற்றியது போன்ற தொனி வருகிறது. ‘எதிர்ப்பிசை’ என்றால் எல்லாப் பாட்டும் போராட்டப் பாட்டாகிவிடும். கெய்ரோகீ 2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் ‘சுதந்திரத்தின் குரல்’ பாடியது உண்மை. ஆனால் இந்தக் குழுக்கள் காதலையும் கடனையும் வேலையில்லாத மாலைகளையும் பாடுகின்றன. பாட்டின் கருப்பொருளைவிட, யாருடைய கையெழுத்தும் இல்லாமல் அது மேடையேற முடியுமா என்பதில்தான் அரசியல் தொடங்குகிறது. அலெக்சாந்திரியாவின் மஸ்ஸார் இக்பாரி குழு சாலைப் பலகையிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது: ‘கட்டாயப் பாதை’. கட்டாயப் பாதையில் போகும் சுயாதீனம்! இந்த முரண் தெரிய வேண்டும் என்பதற்காகவே ‘சுயாதீன ராக்’ என்று எழுதிவிட்டேன். ஆட்சேபம் இருந்தால் இரவு பத்து மணிக்குள்.

ந. எழுதியது:
ஆதரவு. (‘கலீல்’ பற்றித் தனி மடல் அனுப்புகிறேன்.)

ம. எழுதியது:
அரை மனத்துடன் ஆதரவு.

த. எழுதியது:
சரி. இங்கே மறுபதிப்புச் செய்தால் ‘றொக்’ என்று மாற்றிக்கொள்வோம்.

வ. எழுதியது (இரவு 11.40):
சுய, ஆதீனம்: இரண்டும் வடமொழி. ராக்: ஆங்கிலம். செ. அவர்களே, அந்தத் தொடரில் தமிழ் எங்கே என்று காட்டினால் நானும் ஆதரவு. நேரம் கடந்துவிட்டது என்பது தெரியும், மின்தடை.