தனியாகச் சைக்கிளில் நெடுந்தூரம் போனால் தன்னை அறிய முடியுமா? மணாலி–லே பாதையை முன்வைத்து

தனிப்பாதை:
இமாசலத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை தனியாகச் சைக்கிள் மிதித்துப் போய்த் திரும்பியிருக்கிறேன். எங்கே தங்கலாம், எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் வேறோர் இழையில் எழுதுகிறேன். இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு மனிதன் தன்னை உள்ளபடி பார்த்துக்கொள்ள, தனியாக நெடுந்தூரம் சைக்கிளில் போவதைவிட நேரான வழி வேறில்லை.

காரிலும் மோட்டார் பைக்கிலும் மேட்டை எஞ்சின் ஏறுகிறது. சைக்கிளில் நாமே ஏற வேண்டும். வழியிலுள்ள மலைக்கணவாய்களில் ரோத்தாங் 3,978 மீட்டர், பாரலாச்சா ஏறக்குறைய 4,900, லாச்சுங் 5,000க்கு மேல், தங்லாங் 5,300க்கு மேல். ஒன்றில் ஏறி, ஏறிய உயரத்தில் ஒரு பகுதியை இறங்கி இழந்து, மறுபடியும் ஏற வேண்டும். மனம் சொல்லும் சாக்குப்போக்குகள் இரண்டாவது கணவாயிலேயே தீர்ந்துவிடும்.

பாங் என்ற தங்குமிடத்துக்கு மேலே மோரே சமவெளி. மேடே இல்லை, சாலை நூல் பிடித்தாற்போல் போகிறது. மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று எழுந்தது. சமதரையில் மிகச் சிறிய கியரைப் போட்டும் நடை வேகத்தைத் தாண்ட முடியவில்லை. அப்போது கத்தினேன். அலுவலகத்தில் இளையவர்களிடம் நான் பேசும் அதே குரல், அதே சொற்கள். அங்கே தவறு செய்தவர் என்று யாருமே இல்லை. கோபம் முதலில் வந்துவிடுகிறது, காரணத்தைப் பிறகு தேடிக்கொள்கிறது என்பதை அன்று கண்கூடாகப் பார்த்தேன். துணைக்கு ஒருவர் வந்திருந்தால் அவர்மேல் பாய்ந்திருப்பேன். அவர் மெதுவாக வந்ததுதான் காரணம் என்று இன்றும் நம்பிக்கொண்டிருப்பேன்.

வைகைக்கரை:
அந்தப் பாதையை மிதித்து முடித்ததற்கு மனமார்ந்த வாழ்த்து. கருத்தை ஏற்க முடியாது.

உங்கள் முன்கோபம் உங்கள் அலுவலகத்து இளையவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். வீட்டிலும் தெரியும். ஒரு மாலை அவர்களில் ஒருவரை உட்காரவைத்து, “என்னோடு வேலை பார்ப்பது எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருந்திருந்தால் இது தெரிந்திருக்கும். அது ஐந்தாயிரம் மீட்டர் ஏறுவதைவிடக் கடினம் என்று நினைக்கிறேன். அதனால்தான் மலைக்குப் போகிறோம்.

தனியாகப் போகிறவர் சாட்சிகள் அத்தனை பேரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். வழக்காடுவதும் அவர், தீர்ப்பு எழுதுவதும் அவர். திரும்பி வந்து அவர் வாசிக்கும் தீர்ப்பை மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். காற்றிடம் கத்தினீர்கள், சரி. காற்று அழவில்லை, வேலையை விட்டுப் போகவில்லை, பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கோபத்தின் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அது விழுந்த இடத்தைப் பார்க்கவில்லை.

எல்லைச்சாலை:
அந்தச் சாலையின் பராமரிப்பில் பல கோடைகள் பணியாற்றியவன். தம்பிக்கு இரண்டு செய்திகள்.

முதலாவது, தங்லாங்கில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. அது குறையும்போது சீக்கிரமே கெடுபவற்றில் ஒன்று தன்னைப் பற்றிய தீர்மானம். உயர்மலை நோய் முற்றி மூளையில் வீக்கம் தொடங்கினால் ஆள் தள்ளாடுவார், பேச்சு குழறும், கேட்டால் “எனக்கு ஒன்றுமில்லை” என்பார். குதிகாலை நுனிக்காலோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்போம். நடக்க முடியாவிட்டால் காலைவரை காத்திருக்காமல் அப்போதே கீழே இறக்குவோம். தனியாகப் போகிறவரை நடக்கச் சொல்லிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மணாலிப் பக்கத்திலிருந்து ஏறுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சார்ச்சுவுக்கும் பாங்குக்கும் நடுவில் மூச்சு முட்டினால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கணவாயை ஏறித்தான் இறங்க முடியும்.

இரண்டாவது, அந்தச் சாலையில் தார் கொப்பரையைச் சுற்றி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து கோடைதோறும் வருகிறார்கள். அதே உயரம், அதே காற்று, வீட்டிலிருந்து அதே தொலைவு. சரிந்த பாறையை அவர்கள் ஒதுக்கிய பிறகுதான் உங்கள் சக்கரம் போனது. “இங்கே வந்து உங்களைப் பற்றி என்ன அறிந்துகொண்டீர்கள்?” என்று அவர்களிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் பயணத்தைக் குறைத்துப் பேசவில்லை. தனியாகப் போனேன் என்று சொல்லும்போது அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தனிப்பாதை:
ஐயா, உயர்மலை நோயைப் பற்றி நீங்கள் சொன்னதில் மறுப்பே இல்லை. இதைப் படிக்கிற யாராக இருந்தாலும் முதலில் உடலைப் பழக்குங்கள், அவசரப்படாதீர்கள். தொழிலாளர்கள் தந்த தேநீரைக் குடித்திருக்கிறேன். அவர்களைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது நியாயம்.

வைகைக்கரை, உங்களிடம்தான் வாதம். மற்றவர்கள் நடுவில் இருக்கும்போது நாம் மேலாளர், அண்ணன், கணவன். கேள்வி வருமுன்பே அந்தப் பொறுப்பு பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பெயர்கள் எதுவும் எட்டாத இடத்தில் சில வாரம் இருந்து பார்க்கத்தான் வேண்டும். அயர்லாந்தின் பயண எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலக வரைபட நூலும் கிடைத்தபோதே இந்தியாவுக்கு மிதித்துப் போவதென்று முடிவு செய்தவர். 14 வயதில் பள்ளியை விட்டு, நடமாட முடியாத தாயைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். தாய் 1962இல் இறந்தார். 1963 ஜனவரியில், ஐரோப்பாவை வாட்டிய கடுங்குளிரில், பிரான்சின் டன்கிர்க்கிலிருந்து தனியாகக் கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி வந்து சேர்ந்தார். தாயின் கட்டிலருகிலேயே அவர் தன்னை முழுதாக அறிந்திருக்க முடியும் என்பீர்களா?

வைகைக்கரை:
ஆம் என்பேன். நோயாளியோடு கழித்த அந்த ஆண்டுகளில் அறியாததை எந்த மலை அவருக்குச் சொல்லியிருக்கும்? அத்தனை காலம் எண்ணத்தைக் கைவிடாமல் இருந்தாரே, அந்த உறுதி டன்கிர்க்கில் கிடைத்ததா? ஏற்கெனவே யார் என்று தெரிந்தவர்தான் சைக்கிளில் ஏறினார். டெல்லிக்கு வந்த பிறகு அவர் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். தரம்சாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளுக்கு நடுவில் போய் வேலை செய்தார்.

துணையோடு போனவர்களைப் பற்றியும் ஒரு சொல். 1923இல் மும்பையிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அதி ஹக்கிம், ஜால் பாப்பசோலா, ரஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928இல் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். வழியில் மூவர் பிரிந்த பிறகும் மற்ற மூவர் ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கிறார்கள். உன் சோர்வை மறைக்க முடியாதபடி பக்கத்தில் இன்னொருவர் மிதித்துக்கொண்டே வருவதைவிடக் கடுமையான தேர்வு எனக்குத் தெரியவில்லை.

மருதம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கிலோமீட்டர் கணக்கும் மீட்டர் கணக்கும் எனக்குப் பொருட்டாகத் தெரியவில்லை.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், எழுத்தறிவோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைத் தெருக்களை நிறைத்தார்கள். என் அம்மாவும் அந்த நாட்களில் கற்றுக்கொண்டவர்தான். லேடீஸ் சைக்கிள் எளிதில் கிடைக்கவில்லை. பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்கள். பிறகு அம்மாவுக்கு அந்த பார்தான் வசதியாகிவிட்டது. தம்பியை அதில் உட்காரவைப்பார், பின்னால் கேரியரில் குடம். அதுவரை சந்தைக்குப் போக அப்பாவுக்கோ மாமாவுக்கோ நேரம் வரும்வரை காத்திருந்தவர், காய் பறித்த அன்றே தானே கொண்டுபோய் விற்றார். விலையை அவரே பேசினார். அந்தக் காசை எண்ணி முந்தானையில் முடிந்தபோது அம்மா தன்னைப் பற்றி எதை அறிந்தாரோ, அதற்கு எட்டு கிலோமீட்டர் போதுமானதாக இருந்தது.

அதற்காக வைகைக்கரை அண்ணன் சொல்வதையும் அப்படியே ஏற்க மாட்டேன். நம்மைச் சுற்றியிருப்பவர்கள் நடுவில்தான் தன்னை அறிய வேண்டும் என்கிறீர்கள். ஒரு பெண்ணைச் சுற்றியிருப்பவர்கள் அவள் யார் என்று அவள் பிறக்குமுன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். “உனக்கு இதெல்லாம் வராது” என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருந்தால் அம்மா பெடலில் கால் வைத்திருக்க மாட்டார். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தபோது ஊரே சிரித்தது. அந்தச் சாட்சிகள் சொன்னது பொய்.

நான் வரும் மாசியில் மணமேல்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கடற்கரைச் சாலையில் தனியாகப் போகிறேன். மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று ஊர்கள் இருக்கின்றன, மேடு பள்ளம் இல்லை. பாம்பன் பாலத்தில் பக்கக் காற்று இருக்கும், தெரியும். “யாரோடு போகிறாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். “யாரோடும் இல்லை” என்று சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. ஆண்கள் தேடிப் போகும் தனிமை வேறு, எனக்கு இது வேறு. பட்டறைக்கார அண்ணன் இங்கே இருக்கிறாரா? பின் கேரியரில் எவ்வளவு ஏற்றலாம்?

பட்டறைக்காரர்:
இருக்கிறேன் அம்மா. முழுச் சுமையையும் பின்னால் ஏற்றாதீர்கள். கனமான பொருளைத் தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். துணி, தண்ணீர் போன்றவற்றில் கொஞ்சத்தை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். நெடுந்தூரம் போய்த் திரும்பும் சைக்கிளில் பெரும்பாலும் பின்சக்கரத்துப் போக்ஸ் கம்பிதான் உடைந்திருக்கும், அதுவும் செயின் பக்கத்தில். பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃபிரீவீலைக் கழற்றாமல் அந்தக் கம்பியை மாற்ற முடியாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும். ஆனால் பட்டறை வரும்வரை சமாளிக்கலாம். உடைந்த கம்பியை எடுத்துவிட்டு, பக்கத்துக் கம்பிகளை, ரிம்மில் அவற்றை இறுக்கும் நிப்பிளில் கால் திருகு, அரைத் திருகாகச் சரிசெய்து, ரிம் பிரேக் கட்டையில் உரசாத அளவுக்குப் பெண்டு எடுங்கள். கிளம்புமுன் ஒரு ஞாயிறு பட்டறைக்கு வாருங்கள், கையில் பிடித்துக் காட்டுகிறேன்.

இந்த விவாதத்தில் நான் தனிப்பாதை தம்பி பக்கம். கூட்டமாகப் போனால் கை வேலை தெரிந்த ஒருவர் குனிந்து செய்வார், மற்றவர்கள் டீ குடிப்பார்கள். தனியாகப் போகிறவர் அந்த அரை மணி நேரத்தில் தானே முடிவெடுக்க வேண்டும். நின்று சரிசெய்தவரின் சக்கரத்தில் ஒரு கம்பி போயிருக்கும். இன்னும் கொஞ்சம் போகலாம், இன்னும் கொஞ்சம் என்று உரச உரச மிதித்தவரின் சக்கரத்தில் அதே பக்கம் மூன்று நான்கு போயிருக்கும், பிரேக் கட்டை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம். வைகைக்கரை அண்ணன் கேட்ட சாட்சி அங்கேயே இருக்கிறது.

வைகைக்கரை:
சக்கரத்தைப் படித்துச் சொன்னது நீங்கள் அல்லவா ஐயா? மிதித்தவருக்கு அது தெரியவில்லை. உங்கள் பட்டறைக்கு வந்த பிறகுதான் அவர் யார் என்று வெளிப்பட்டது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மருதம் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். சுற்றியிருப்பவர்கள் பொய்ச்சாட்சி சொல்லும் இடத்திலிருந்து விலகித்தான் ஆக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அது நியாயம், உங்களுக்கும் நியாயம். ஆனால் தனிப்பாதையின் அலுவலகத்து இளையவர்கள் பொய் சொல்லவில்லையே. அவர்கள் வாய் திறக்க வழியில்லாமல் இருந்தார்கள். அதனால் முதலில் எழுதியதையே மறுபடியும் கேட்கிறேன், தனிப்பாதை. திரும்பி வந்த பிறகு அவர்களில் யாரிடமாவது பேசினீர்களா? அதற்கு இதுவரை பதில் வரவில்லை.

தனிப்பாதை:
பேசினேன். இந்த இழையைத் தொடங்கியபோது பேசியிருக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாள் என் குழுவில் இருக்கும் ஓர் இளைஞரிடம் கேட்டேன். நெடுநேரம் தயங்கினார். பிறகு, “நீங்கள் பயணத்திலிருந்து திரும்பி வந்ததிலிருந்து கத்துவதற்கு முன் ஒரு நொடி நிற்கிறீர்கள். அந்த நொடியில் நாங்கள் இன்னும் பயப்படுகிறோம்” என்றார்.

இது உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் என்பது தெரிந்தே எழுதுகிறேன். அவர் சொல்லாமல் அந்த இரண்டாம் பாதி எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஒரு நொடி மோரே சமவெளியில் கிடைத்தது, அதில் நான் பின்வாங்க மாட்டேன். மூன்று மாதம் கழித்து அவரிடமே மறுபடியும் கேட்டு, அவர் என்ன சொன்னாலும் அதை இங்கேயே எழுதுகிறேன்.

மருதம், கடற்கரைச் சாலையில் காலை பத்து மணிக்குள் பாதித் தூரத்தை முடித்துவிடுங்கள். கருவிப் பையை நான் தருகிறேன், ஃபிரீவீல் கழற்றும் கருவியும் அதில் இருக்கிறது.