பயிற்சி செய்தும் மாதிரித் தேர்வில் தடுமாறுகிறேன்: அமில-காரக் கணக்குகளை எப்படி அணுகுவது?

கேள்வி:
வணக்கம். மேல்நிலை வேதியியல் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரங்களே இருக்கின்றன. பாடவாரியாகக் கணக்குப் போடும்போது பெரும்பாலும் சரியான விடை வந்துவிடுகிறது. எல்லாப் பாடங்களும் கலந்து வரும் மாதிரித் தேர்விலோ எந்த வாய்பாட்டை எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறேன். 0.10 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மி.லி. எடுத்து, அதில் 0.10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மி.லி. சேர்த்தால் பி.எச். என்ன என்று நேற்று ஒரு வினா வந்தது. காரம் சேர்த்ததைக் கணக்கில் கொள்ளாமல் 2.87 என்று எழுதினேன், விடை 4.74 என்று இருக்கிறது. இன்னும் அதிகக் கணக்குகளைப் போட்டால் இது சரியாகிவிடுமா?

பதில் 1:
எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் சரியாகாது. பாடத்தின் தலைப்பே வாய்பாட்டைச் சொல்லிவிடுவதால்தான் பாடவாரிப் பயிற்சி எளிதாகத் தோன்றுகிறது. வாய்பாட்டைத் தேடுவதற்கு முன், குடுவைக்குள் இப்போது என்னென்ன இருக்கின்றன என்பதை மில்லிமோல் கணக்கில் (மோலார் செறிவு × மி.லி.) எழுதுங்கள். அமிலம் 5.0, காரம் 2.5. காரம் முழுவதும் வினைபுரிந்து தீர்ந்துவிடுவதால், அமிலம் 2.5 மீதமிருக்கிறது, அசிட்டேட் 2.5 உருவாகியிருக்கிறது, ஆக, இது ஒரு தாங்கல் கரைசல், அதாவது சிறிது அமிலமோ காரமோ சேர்த்தாலும் பி.எச். அதிகம் மாறாத கரைசல். இரண்டும் சம அளவில் இருப்பதால் பி.எச். மதிப்பு அந்த அமிலத்தின் பி.கே.ஏ. (அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் எண்) மதிப்பான 4.74 ஆகிவிடுகிறது.

இதே கணக்கைக் காரம் 0, 25, 50, 60 மி.லி. என்ற நான்கு இடங்களில் போட்டுப் பாருங்கள். முதலில் அமிலம் மட்டும், அடுத்துத் தாங்கல் கரைசல், பிறகு அசிட்டேட் மட்டும், கடைசியில் மிகுதியான காரம் என்று ஒவ்வோர் இடத்திலும் குடுவைக்குள் இருப்பது மாறுவதையும், அதனால்தான் வாய்பாடு மாறுவதையும் கண்ணால் காண்பீர்கள். இருபது தனித்தனிக் கணக்குகளைவிட இந்த ஒன்றையே நான் பெரிதாக மதிப்பேன்.

பதில் 2:
விளக்க விடைகளிலும் கவனம் தேவை. ‘சமநிலை வலப்புறம் நகரும்’ என்று மட்டும் எழுதினால் அது பாதி விடைதான். டைநைட்ரஜன் டெட்ராக்சைடு பிரிந்து இரண்டு நைட்ரஜன் டைஆக்சைடு மூலக்கூறுகளைத் தரும் சமநிலையில், வெப்பநிலை மாறாமல் கன அளவை இருமடங்காக்கினால் இரண்டு வாயுக்களின் பகுதி அழுத்தமும் (கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்காகத் தரும் அழுத்தம்) பாதியாகிறது. அதனால் வினைகுணகம் (அந்த நேரத்து அழுத்தங்களை வைத்து, சமநிலை மாறிலியைப் போலவே கணக்கிடும் விகிதம்) சமநிலை மாறிலியில் பாதியாகக் குறைகிறது. அது மீண்டும் மாறிலிக்குச் சமமாகும் வரை முன்னோக்கு வினை மேலோங்கி நடக்கிறது. கன அளவை மாற்றாமல் ஆர்கானைச் சேர்த்தாலோ, மொத்த அழுத்தம் உயர்ந்தாலும் பகுதி அழுத்தங்கள் மாறாததால் சமநிலையும் மாறாது. காரணத்தை இந்த வரிசையில் எழுதிப் பழகுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நான்கு இடங்களிலும் போட்டுப் பார்த்தேன். 60 மி.லி. இடத்தில் 11.96 வந்தது. 50 மி.லி. இடத்தில் மட்டும் எனக்கு 8.87 வருகிறது, விடையில் 8.72 என்று உள்ளது.

பதில் 1:
அசிட்டேட்டின் செறிவை 0.10 என்று எடுத்திருக்கிறீர்கள். காரம் சேர்ந்தபின் மொத்தக் கன அளவு 100 மி.லி. ஆகிவிட்டதால் செறிவு 0.050 மோலார்தான். மற்ற படிகள் அனைத்தும் சரி.