40 பல்லு கேட்டா 42 வருது: டேப் வச்சு வோர்ம் வீல் வெட்டும்போது (லேத் வேலைக்காரங்க பேச்சு, பேரெல்லாம் புனைபெயர்)

பழைய சக்:
வோர்ம்ங்கிற திருகு சுத்திவிடுற பல்சக்கரம், அதாவது வோர்ம் வீல், 40 பல்லோட வேணும்; 42 ஏன் வருது? லேத்துல எம்10 × 1.5 டேப் (மரை வெட்டுற டூல், மரைக்கு மரை 1.5 மி.மீ. பிட்ச்), சக்குக்கும் (சுத்துற பிடி) டெயில்ஸ்டாக் சென்டருக்கும் (எதிர்முனைத் தாங்கி) நடுவுல. கன்மெட்டல் (வெண்கல வகை) பிளாங்க், அதாவது பல்லு வெட்டாத வட்டு, கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்துற மேடை) மேல நட்ட பின்னுல சும்மா சுத்துது. பிட்ச் விட்டம் (பல்லு கோக்கிற வட்டத்தோட விட்டம், 40 × 1.5 ÷ 3.1416) 19.1 மி.மீ., பல் ஆழம் 0.92 சேர்த்து வெளிவிட்டம் 20.02. கணக்கு சரிதான். ஆனா டேப் ஆழமா இறங்க இறங்க பல்லு உச்சி பிளேடு மாதிரி மெலிஞ்சு நிக்குது. எண்ணினா 42! அந்தப் பல்லு இன்னும் கண்ணுலயே நிக்குது.

இரும்புத்தூள்:
டேப் முதல்ல தொடுறது வெளிவிட்டத்தை. 20.02 × 3.1416 = 62.9, 1.5-ஆல வகுத்தா 41.9. அப்புறம் 42 வராம? பிளாங்கை 19.1-க்கே கடைஞ்சிடுங்க, 40 தானா வரும்.

பேக்லாஷ்:
வரும், ஆனா சென்டர் தூரம் (வோர்ம் அச்சுக்கும் வீல் அச்சுக்கும் இடைவெளி) 0.46 குறையும். கியர் பெட்டியில ஏற்கெனவே அச்சுக்கு ஓட்டை போட்டிருந்தா என்ன பண்றது? வெளிவிட்டத்தைக் குறைக்காம, டேப்புக்கு முன்னாடியே 40 பல்லுக்கும் கீறல் போட்டுடணும். பிளாங்க் மாண்ட்ரலோட (அதைக் கோத்துப் பிடிக்கிற தண்டு) சக்குல. ஸ்பிண்டில் (சக்கைச் சுத்துற தண்டு) பின்பக்கம் 40 பல் சேஞ்ச் கியர் (லேத்தோட மாத்துற கியர்), ஒவ்வொரு பல்லா நிறுத்த அதோட பல்லுக்குள்ள உட்கார ஒரு ஸ்பிரிங் நாக்கு. 60 டிகிரி டூலைப் படுக்க வச்சு, கேரேஜை (டூலைச் சுமக்கிற வண்டி) கையால தள்ளி, தடவைக்கு 0.1 வீதம் 0.5 ஆழம் வரை சீவுங்க. 6 மி.மீ. தடிமனுக்கு நேர்க்கீறலே போதும், 3 டிகிரி சாய்வை டேப் திருத்திக்கும். அப்புறம் பின்னுக்கு மாத்தும்போது தடிமனோட நடு, டேப்போட நடுவுக்கு நேரா இருக்கணும். இல்லேன்னா பல்லு ஒரு பக்கமா ஒதுங்கிடும். டேப் முனையில சரிவு இருக்கு, முழுப்பல் இருக்கிற இடத்தால மட்டும் வெட்டுங்க.

சேஞ்ச் கியர்:
எதுக்கு டேப்பு? 60 டிகிரி பல்லு லோடு வந்தா வீலைத் தள்ளிவிடும். மாட்யூல் 1-க்கே (பிட்ச் விட்டத்தைப் பல் எண்ணிக்கையால வகுத்தா 1 மி.மீ.) போங்க, அந்த வோர்மை லேத்துல வெட்டுங்க. பிட்ச் 3.1416. 6 மி.மீ. பிட்ச் லீட் ஸ்குரூன்னா (கேரேஜை நகர்த்துற திருகு) ஓட்டுற கியர் 55, 20 பல்லு. ஓடுறது 35, 60. கிடைக்கிறது 22/7, பிழை 0.04 சதவீதம், வீலுக்குத் தெரியவே தெரியாது. டூல் 40 டிகிரி, நுனி 0.66 அகலம், ஆழம் 2.25. வோர்ம் பிட்ச் விட்டம் 16-ன்னா மரையோட சாய்வு 3.6 டிகிரி; டூல் முன்னேறுற பக்கத்துல 8 டிகிரியாவது கிளியரன்ஸ் (உரசாம இருக்க ராவி விடுற சரிவு) விடுங்க, இல்லேன்னா அடிப்பக்கம் உரசி வோர்ம் பக்கச்சுவர் கிழிஞ்ச மாதிரி வரும். ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்குரூவோட கோக்கிற நட்டு) திறக்கவே கூடாது, டூலை வெளிய இழுத்துட்டு மோட்டாரை ரிவர்ஸ்ல ஓட்டித் திரும்புங்க.

பழைய சக்:
நான் கேட்டது 42 ஏன் வருதுன்னு. சரி, அந்த நாக்கு எத்தனை மி.மீ. பட்டை?

பேக்லாஷ்:
தடிமன் முக்கியமில்ல. நுனியை ஆப்பு மாதிரி ராவி, பல்லு அடியைத் தொடாம ரெண்டு பக்கச்சுவர்லயும் பிடிக்கிற மாதிரி வைங்க. அடியில இடிச்சா ஆட்டம் இருக்கும், கீறல் ஒண்ணுக்கொண்ணு தள்ளிப் போகும்.