பாத்ரூமை உடைத்துக் கட்ட யாரை முதலில் கூப்பிடுவது?

மடிப்பாக்கம்வாசி:
20 வருடத்துக்கும் மேலான ஃபிளாட், இரண்டாவது மாடி. கீழ்வீட்டு மாமி தன் பாத்ரூம் சீலிங்கில் ஈரம் ஊறி பூச்சு உதிர்வதை போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஒரு பிளம்பர் வந்து டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டு 800 ரூபாய் வாங்கிப் போனார், இரண்டே மாதத்தில் பழைய கதை. சரி, மொத்தமாக உடைத்துவிடலாம் என்று முடிவு. பிளம்பரா, டைல்ஸ் மேஸ்திரியா, வாட்டர்ப்ரூஃபிங் ஆளா, யாரிடம் ஆரம்பிப்பது? ஒருவர் எல்லாம் சேர்த்து 1,80,000 கேட்கிறார், இன்னொருவர் கூலி மட்டும்தான் பேசுகிறார்.

துருப்பிடித்த பைப்:
பிளம்பர்தான் முதலில். பழைய கட்டடத்தில் சுவருக்குள் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஓடினால் அது துருப்பிடித்தே இருக்கும், மேலே என்ன டைல்ஸ் ஒட்டியும் பிரயோசனம் இல்லை. வெந்நீர் லைனுக்கு சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்) போடச் சொல்லுங்கள். அப்புறம், அவர் அளக்கும் முன் கம்மோடு வாங்காதீர்கள். தள்ளுபடி என்று நான் வாங்கிவந்தது சுவரிலிருந்து 4 இஞ்ச் தள்ளியிருக்கும் கழிவுக் குழாய்க்கானது, என் வீட்டுக் குழாயோ 9 இஞ்ச் தள்ளி. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை, மூன்று மாதம் பால்கனியில் கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நாலு விரற்கடை:
ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி. அவர் போன மாதம் முடித்த பாத்ரூமைப் பார்க்காதீர்கள், பளபளவென்றுதான் இருக்கும். ஒரு வருடம் புழங்கிய ஒன்றைக் காட்டச் சொல்லி, தூர மூலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். தானாக ஓட்டைக்குப் போகிறதா, மூலையிலேயே தேங்குகிறதா, அதிலேயே தெரிந்துவிடும்.
வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு காய்ந்த பிறகு, டைல்ஸ் ஒட்டும் முன், நஹானி டிராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டை) அடைத்து நாலு விரற்கடை தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு 48 மணி நேரம் விடவேண்டும். கோட்டுக்குக் கீழே இறங்குகிறதா, மாமி வீட்டு சீலிங் காய்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத ஆள் வேண்டவே வேண்டாம்.

காண்ட்ராக்டே மேல்:
எல்லாவற்றையும் ஒருவரிடமே விடுவதுதான் என் கட்சி. தனித்தனி ஆள் வைத்தால், கசியும்போது பிளம்பர் மேஸ்திரியைக் கைகாட்டுவார், மேஸ்திரி பிளம்பரை. ஆனால் பைப் என்ன பிராண்டு, பூச்சு எத்தனை கோட், டைல்ஸ் சதுர அடி என்ன விலை என்று எழுதி வாங்குங்கள், கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். கீசர் பாயிண்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடிபாட்டைத் தெருவில் கொட்டாதீர்கள், சென்னை மாநகராட்சிக்கு 1913ல் போன் போட்டுக் கேட்கலாம்.

மடிப்பாக்கம்வாசி:
1,80,000காரரிடம் தண்ணீர் கட்டுவதைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் தேவைப்படாது சார், நான் கேரண்டி" என்றார். எழுதித் தருகிறீர்களா என்றேன், போன் கட் ஆகிவிட்டது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் வேறு யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், மாமி இன்று காலையும் போட்டோ அனுப்பியிருக்கிறார்.